ஆசிரியப் பயிலுனருக்காகவும் சங்கம் பேச வேண்டும்



நாங்கள் லயத்துப் பிள்ளைகள். இப்போது கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிலுனர்களாக இருக்கிறோம். எங்களில் சிலர் இன்னும் விடுதியில் தங்கிப் படிக்கிறோம். சிலர் மூன்றாம் ஆண்டுக்கு வந்து தோட்டப் பாடசாலைகளில் கட்டுறு பயிற்சியில் நிற்கிறோம். "சங்கப் பத்திரிகையில் நாட்சம்பளத்தைப் பற்றியும் சேமலாப நிதியைப் பற்றியும் எழுதுவார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

கல்லூரிக்குத் தெரிவுக் கடிதம் வந்த அன்று தோட்டமே சந்தோஷப்பட்டது. "நம்ம தோட்டத்துப் புள்ள டீச்சருக்குப் படிக்கப் போகுது" என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் சொன்னீர்கள். மாரியம்மன் திருவிழாவில் கூப்பிட்டு மாலை போட்டீர்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் பஸ் ஏறிய பிறகு நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் "நல்லா இருக்கோம்" என்றுதான் சொல்லியிருப்போம். வீட்டில் இருக்கிற கஷ்டத்தோடு எங்கள் கஷ்டத்தையும் சேர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. இன்று அதைச் சொல்கிறோம். சொல்லாமல் விட்டால் எங்களுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கும் இதுவே நடக்கும்.

விடியற்காலை ஐந்து மணி

விடுதியில் ஐந்து மணிக்கு முன்னரே எழும்ப வேண்டும். அந்த நேரம் தோட்டத்தில் எங்கள் அம்மாமார் அடுப்பை மூட்டி, ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் இடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் எழும்புவது எங்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. குளிர்காலத்தில் பச்சைத் தண்ணீரில் குளிப்பதும் லயத்துப் பீலியில் பழகியதுதான். குளியலறைக்கு வரிசையில் நிற்கும்போது நகரத்துப் பிள்ளைகள் முறைப்படுவார்கள். நாங்கள் சிரித்துக்கொள்வோம். வரிசை எங்களுக்குப் புதிதல்ல.

குளித்துவிட்டு அறை கூட்டி, வளவு கூட்டி, சாரி உடுத்தி, காலைச் சாப்பாட்டுக்குப் போக வேண்டும். ஆண் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் போடுவார்கள். பிறகு காலைக் கூட்டம், விரிவுரைகள். கல்வி உளவியல், கல்வித் தத்துவம், அளவீடும் மதிப்பீடும், தமிழ், ஆங்கிலம், இரண்டாம் மொழிச் சிங்களம் என்று பின்னேரம் வரை போகும். அதற்குப் பிறகு விளையாட்டு, தோட்ட வேலை, அழகியல் பயிற்சி. இரவில் ஒப்படை எழுத வேண்டும், பாடக்குறிப்பு தயாரிக்க வேண்டும், கற்பித்தல் சாதனம் வெட்டி ஒட்ட வேண்டும். விளக்கு அணைக்கும் நேரம் வந்த பிறகு கைத்தொலைபேசி வெளிச்சத்தில் வெட்டி ஒட்டியதும் உண்டு.

இதையெல்லாம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. வேலை செய்யப் பயந்த பிள்ளைகள் அல்ல நாங்கள். ஒரு ஆசிரியருக்கு ஒழுங்கு வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது விளையாட்டு வேலையும் அல்ல. பிள்ளை எப்படி நினைக்கிறது, எப்படிப் பயப்படுகிறது, எதனால் வாய் திறக்காமல் இருக்கிறது என்று படித்தபோது, எங்கள் சொந்தச் சின்ன வயதே எங்களுக்கு முதல் தடவையாக விளங்கியது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நம்மைப் "படிப்பு ஏறாத சனம்" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அது பொய் என்பதைப் பாடமாகவே படித்தோம். அந்தப் படிப்பைத் தந்த விரிவுரையாளர்களுக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

'இலவசம்' என்ற சொல்

கல்வியியற் கல்லூரிப் படிப்பு இலவசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கட்டணம் இல்லை, விடுதி உண்டு, மாதம் ஒரு கொடுப்பனவும் உண்டு. அதுவரை உண்மை. ஆனால் அந்தக் கொடுப்பனவு எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. 2022இல் அரிசியும் பருப்பும் எண்ணெயும் விலை ஏறியபோது அது சாப்பாட்டுக்கும் காணவில்லை. மிச்சத்தை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. சில மாதங்களில் கொடுப்பனவு பிந்தி வரும். கொடுப்பனவு பிந்தலாம், சாப்பாட்டுக் காசு பிந்த முடியாது.

கல்லூரிக்குப் போகும் முதல் நாளிலேயே செலவு தொடங்கிவிடுகிறது. அரசாங்க ஊழியர் வீட்டுக்குக் கல்லூரியின் பொருட்பட்டியல் ஒரு கடைச்சீட்டு. சாரி, சப்பாத்து, விளையாட்டு உடுப்பு, போர்வை, வாளி, குடை என்று ஒரு சனிக்கிழமையில் வாங்கி முடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு அது ஒரு அடகுச்சீட்டு. எங்களில் ஒருத்தியின் அம்மா காதுத்தோட்டைக் கழற்றி அடகுக் கடையில் வைத்தார். மகள் இரண்டாம் ஆண்டு முடிக்கும் வரை அது மீளவில்லை. வட்டி கட்டியே மாதங்கள் போயின. வேப்பங்குச்சி போட்ட காதோடு அவர் விடுதிக்கு மகளைப் பார்க்க வந்தார். "தோடு எங்கம்மா?" என்று மகள் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று அவரும் முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டிருந்தார்.

நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கு எத்தனை ஆண்டுகள் போராடினோம் என்பது உங்களுக்குத் தெரியும். 2021இல் அது கிடைத்தது. 2024இல் 1350 ரூபாய் ஆனது. ஆனால் பேர் விழுந்தால்தானே அந்தச் சம்பளம்? நிறை குறைந்தால் அரைப்பேர், மழை என்றால் வேலை இல்லை, மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று துரை சொல்வதுதான் கணக்கு. ஒரு பாடத்துக்குக் கற்பித்தல் சாதனம் செய்ய பிறிஸ்டல் போட், டிமை தாள், நிறப்பேனை, பசை எல்லாம் வாங்கினால் அம்மாவின் ஒரு நாள் பேர் போய்விடுகிறது. கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் இப்படி எத்தனை பாடங்கள்! "டீச்சருக்குப் படிக்க அரசாங்கம் செலவழிக்கிறது" என்று யாராவது சொன்னால், பாதிச் செலவை மலையில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் செலவழிக்கிறாள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உண்டு. அது காத்திருந்த காலம். உயர்தரப் பரீட்சை எழுதி, இசட் புள்ளி வந்து, விண்ணப்பித்து, நேர்முகப் பரீட்சைக்குப் போய், கல்லூரிக்குள் கால் வைப்பதற்குள் எங்களுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் போய்விட்டது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அந்தக் காலத்தில் கணினியும் ஆங்கிலமும் படிக்கும். எங்களில் ஆண் பிள்ளைகள் கொழும்பில் கடைகளுக்குப் போனார்கள். பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனார்கள். கடிதம் வந்தபோது சிலர் திரும்பி வரவே இல்லை. வீட்டுக்கு அனுப்பும் காசை நிறுத்திவிட்டு மூன்று ஆண்டு படிக்க அவர்களால் முடியவில்லை. அவர்களும் எங்களைப் போலவே தெரிவானவர்கள்தான். இன்று ஏதோ ஒரு கடையில் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டப் பாடசாலையில் ஏன் ஆசிரியர் இல்லை என்று கேட்பவர்கள் அந்தப் பிள்ளைகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாங்கள் செய்த ஒரு தவறு

இனி எங்கள் தவறு ஒன்றையும் சொல்கிறோம்.

கட்டுறு பயிற்சிக்கு எங்களில் ஒருத்தி ஒரு தோட்டப் பாடசாலைக்குப் போனாள். நீளமான ஒரே மண்டபம். நடுவில் சுவர் இல்லை. ஒரு பக்கம் முதலாம் தரம் பாட்டுப் பாடும், மறுபக்கம் மூன்றாம் தரம் வாய்ப்பாடு சொல்லும். மதிப்பீட்டுக்கு விரிவுரையாளர் வரப்போகிறார் என்று தெரிந்ததும், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்கு அழகான ஒரு வேலை திட்டமிட்டாள். "நாளைக்கு எல்லாரும் ஒரு பிறிஸ்டல் போட்டும் நிறத்தாளும் கொண்டுவரணும்" என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் இல்லை.

முதலில் காய்ச்சலோ என்று நினைத்தாள். பின்னேரம் லயத்துக்குப் போய்ப் பார்த்தாள். இஸ்தோப்பில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் டீச்சரைக் கண்டதும் காம்பிராவுக்குள் ஓடி ஒளிந்தார்கள். மலையிலிருந்து அப்போதுதான் வந்த ஒரு அம்மா, தலையில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல், கைகட்டி நின்று சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க டீச்சர். சம்பளம் பத்தாந் தேதிதானே. கடையில கடன் கேட்டேன், குடுக்கமாட்டேன்னுட்டான். வெறுங்கையோட வந்தா டீச்சர் ஏசுவாங்கன்னு புள்ள அழுவுது."

அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் எங்கள் தோழியின் அம்மாவுக்கும் வயதில்தான் வித்தியாசம். இதே மாதிரி ஒரு நாள், வர்ணப்பெட்டி இல்லாததால் பாடசாலைக்குப் போகாமல் கோயிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள்தான் அவளும். லயத்திலிருந்து போய் இரண்டு ஆண்டில் அதை மறந்துவிட்டாள். நாங்களும் மறந்திருப்போம். அன்று இரவு அவள் எங்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது யாராலும் அவளைக் குறை சொல்ல முடியவில்லை.

கல்லூரியில் மாஸ்லோவின் தேவைப் படிநிலையைப் படித்தோம். பசி, தாகம், உறக்கம் தீர்ந்த பிறகே மற்றவை என்று படம் கீறி, நிறம் தீட்டி, புள்ளியும் வாங்கினோம். தோட்டத்துக்கு வந்தபோதுதான் அந்தப் படத்தின் அடித்தட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. காலையில் வெறும் பிளேன்டீ குடித்துவிட்டு வரும் பிள்ளை பத்து மணிக்கு மேசையில் தலை வைத்துப் படுக்கிறது. அதைச் சோம்பேறி என்று எழுதுவதா, பசி என்று எழுதுவதா? எங்களுக்குத் தெரிய வேண்டும். மற்றவர்களைவிட எங்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் கடையில் வாங்கும் சாதனங்களை விட்டுவிட்டாள். போத்தல் மூடி, தேயிலை விதை, பழைய நாட்காட்டி, சீமெந்துப் பையின் தாள் இவற்றை வைத்து எண்ணும் எழுத்தும் சொல்லிக் கொடுத்தாள். நிறை என்ற பாடத்துக்குக் கொழுந்துக் கூடையையே உதாரணமாக எடுத்தாள். கிலோ என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவை இருக்கவில்லை. எத்தனை கிலோவுக்கு ஒரு பேர், எத்தனை கிலோ கழிவு என்று அவர்களே சொன்னார்கள். ஒன்பது பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள்.

தோட்டத்துப் பிள்ளை ஆசிரியராக வர வேண்டும் என்று நாம் கேட்பதற்கு இதுதான் காரணம். வெளியிலிருந்து வருபவர் நல்லவராக இருக்கலாம். எத்தனையோ நல்ல ஆசிரியர்கள் அப்படி வந்து எங்களைப் படிக்க வைத்தார்கள். ஆனால் பத்தாந் திகதிக்கு முன்னால் காசு இருக்காது என்பது லயத்தில் வளர்ந்தவருக்குச் சொல்லாமலே தெரியும். நாங்கள் செய்ததுபோல அவரும் மறந்துவிடலாம். ஆனால் ஒருமுறை லயத்துக்கு நடந்து போனால் நினைவு வந்துவிடும்.

இது சும்மா கிடைத்ததல்ல

எங்களுக்கு இந்த இடம் எப்படி வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கிறோம். 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு ஒழுங்கு செய்யும் பொறுப்பைத் துரைமாரிடம் விட்டது. பிள்ளை படித்தால் மலைக்கு யார் போவது என்று நினைத்தவர்களிடமே அந்தப் பொறுப்பு போனது. பல தோட்டங்களில் பாடசாலை என்றால் ஒரு கொட்டில், ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் அது நம் லயங்களுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. 1948இல் குடியுரிமையே போனது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறைக்கு முன்னால் கிடைத்தது நமக்கு அப்போதுதான் கிடைத்தது.

1980களில் சுவீடன் நாட்டு உதவியில் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் எழுந்தன. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கல்வியியற் கல்லூரிகள் அமைந்தன. மலையகத்தின் ஆசிரியர் பற்றாக்குறையை மனதில் வைத்து, ஜேர்மன் உதவியில், 1990களின் தொடக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி வந்தது. கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலையும் இருக்கிறது. நம் பிள்ளைகள் வவுனியா, கோப்பாய், மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை என்று தூரத்துக் கல்லூரிகளுக்கும் போய்ப் படிக்கிறார்கள். இவை எதுவும் தானாக வரவில்லை. சங்கங்கள் பேசின, நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் பேசினார்கள், படித்த நம் முன்னோர் எழுதினார்கள், பெற்றோர் பாடசாலை வாசலில் நின்று கேட்டார்கள்.

நாம் பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரம் பேர் வரையில் ஆசிரிய உதவியாளர்களாக எடுக்கப்பட்டார்கள். எல்லோரும் உயர்தரம் சித்தியடைந்த நம் பிள்ளைகள். மாதம் 6000 ரூபாய் கொடுப்பனவில் ஒரு முழு ஆசிரியரின் வேலையைச் செய்தார்கள். பிறகு அது 10,000 ரூபாய் ஆனது. நிரந்தர ஆசிரியர் சேவைக்குள் போக அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலையில் பாடசாலையில் டீச்சர், பின்னேரம் வீட்டில் பஸ் காசுக்கு அம்மாவிடம் கை நீட்டும் பிள்ளை. அந்த அக்காமாரும் அண்ணன்மாரும் எங்கள் வகுப்பாசிரியர்களாக இருந்தவர்கள். அவர்களுடைய கிழிந்த செருப்பைப் பார்த்துப் படித்தவர்கள் நாங்கள்.

எங்கள் மீது ஒரு குறை

"நம்ம புள்ளைங்க டீச்சரானா மட்டும் என்ன? ரெண்டு மூணு வருஷத்துல டவுனுக்கு மாத்திக்கிட்டுப் போயிடுறாங்க" என்று தோட்டங்களில் பேசிக்கொள்கிறீர்கள். எங்கள் காதிலும் விழுகிறது. அது பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. போனவர்கள் இருக்கிறார்கள். பட்டணத்தில் வீடு கட்டி, தோட்டத்தின் பெயரையே சொல்லாமல் இருப்பவர்களும் இருக்கிறார்கள். அது எங்களுக்கும் வெட்கம்தான்.

ஆனாலும் போனவர்கள் ஏன் போனார்கள் என்றும் பார்க்க வேண்டும். பெரிய வீதியிலிருந்து ஐந்து கிலோமீற்றர் மேலே பாடசாலை. பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. அதைத் தவறவிட்டால் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசில் சம்பளத்தில் ஒரு பங்கு போய்விடும். தங்குவதற்கு ஆசிரியர் விடுதி இல்லை. இருந்தாலும் கூரை ஒழுகும், கழிவறை இருக்காது. மழைக்காலத்தில் சாரியோடு சறுக்கும் பாதையில் ஏறி வந்து, நனைந்த உடுப்போடு ஒன்றரை மணி வரை நின்று பாடம் எடுக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள ஆசிரியை என்ன செய்வார்? தியாகம் செய்யுங்கள் என்று அவரிடம் சொல்லலாம். ஒரு வருடம் கேட்பார், இரண்டு வருடம் கேட்பார். மூன்றாம் வருடம் இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பார். ஒரு ஆளின் தியாகத்தில் ஒரு பாடசாலையை நடத்த முடியாது என்பது சங்கம் நடத்தும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலைத்தளத்தில் தண்ணீரும் கழிவறையும் வேண்டும் என்று மலையில் வேலை செய்யும் பெண்களுக்காக நீங்கள் கேட்கிறீர்கள். அந்தப் பெண்களின் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவருக்கும் அதைத்தான் கேட்கிறோம்.

சங்கத்திடம் கேட்பது

"பயிலுனர் கொடுப்பனவு கல்வி அமைச்சின் விடயம், நாம் பேசுவது கம்பனிகளோடு" என்று சொல்லலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. கொடுப்பனவு குறைந்தால் குறைந்த காசை அங்கத்தவரான எங்கள் அம்மாதான் நாட்சம்பளத்திலிருந்து கட்டுகிறார். ஆகவே அது அங்கத்தவரின் சம்பளப் பிரச்சினை. சங்கம் அதைப் பேசத்தான் வேண்டும். நாங்கள் கேட்பது நான்கு விடயங்கள்.

முதலாவது, பயிலுனர் கொடுப்பனவு. சாப்பாட்டுச் செலவும் கற்பித்தல் சாதனச் செலவும் ஏறும்போது கொடுப்பனவும் ஏற வேண்டும். ஒவ்வொரு மாதமும் குறித்த திகதியில் வர வேண்டும். சம்பளம் பத்தாந் திகதி தவறினால் நீங்கள் கேட்பீர்கள் அல்லவா? அதேபோல இதையும் கேளுங்கள்.

இரண்டாவது, முதல் நாள் செலவு. ஒரு தோட்டத்திலிருந்து ஒரு ஆண்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். சந்தாப் பணத்திலிருந்து ஒரு சிறு பங்கை ஒதுக்கி, வட்டியில்லாக் கடனாகக் கொடுக்க முடியாதா? நியமனம் கிடைத்ததும் திருப்பிக் கட்டுகிறோம். அந்தக் காசு அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். மாலை வாங்கும் காசையும் அதில் போட்டுவிடுங்கள், நாங்கள் கோபிக்க மாட்டோம்.

மூன்றாவது, காத்திருப்புக் காலம். பரீட்சைக்கும் கல்லூரி அனுமதிக்கும் நியமனத்துக்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் போகக்கூடாது என்று அமைச்சிடம் கேளுங்கள். கூடவே விஞ்ஞானம், கணிதம் படிக்கும் பிள்ளைகள் நம் பாடசாலைகளில் குறைவு என்பதையும் பேசுங்கள். உயர்தரத்தில் அந்தப் பாடங்கள் இல்லாத இடத்திலிருந்து அந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் எப்படி வருவார்? ஆசிரியர் வராத இடத்தில் அந்தப் பாடங்கள் எப்படித் தொடங்கும்? இந்த வட்டத்தை யாராவது ஒரு இடத்தில் வெட்ட வேண்டும்.

நான்காவது, ஆசிரியருக்குத் தங்குமிடமும் போக்குவரத்தும். தோட்டங்களில் வெறுமையாகக் கிடக்கும் உத்தியோகத்தர் வீடுகள் எத்தனையோ பாழடைகின்றன. கம்பனிகளோடு பேசும் மேசையில் அந்த வீடுகளையும் பேசுங்கள். பாடசாலை நேரத்துக்கு ஒரு பஸ் வேண்டும் என்று போக்குவரத்துச் சபையிடம் கேளுங்கள். அந்த பஸ்ஸில் ஆசிரியர் மட்டுமல்ல, கிளினிக் போகும் கர்ப்பிணியும் உயர்தரம் படிக்க டவுனுக்குப் போகும் பிள்ளையும் வருவார்கள்.

நாங்கள் தருவது

கேட்பதோடு நிற்க மாட்டோம். எங்கள் பக்கத்திலிருந்தும் சொல்கிறோம். சேவை ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டதால் மட்டுமல்ல, எங்கள் விருப்பத்தோடும் தோட்டப் பாடசாலைக்குப் போவோம். இடமாற்றம் கேட்க வேண்டி வந்தால், எங்கள் இடத்துக்கு ஒருவர் வந்த பிறகு போவோம். காசு கொண்டுவரச் சொல்லிப் பிள்ளையை அழ வைக்க மாட்டோம். விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சங்கக் காரியாலயத்தில் வகுப்பு எடுக்கத் தயாராக இருக்கிறோம். திறப்பையும் ஒரு கரும்பலகையையும் தந்தால் போதும்.

நம் மக்கள் இந்த மலைகளுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தோம். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணமும் நடந்தது. அந்த 200 ஆண்டில் கூடை இறங்கிய தோள்கள் கொஞ்சம்தான். எங்கள் தோளிலிருந்து அது இறங்கியது அம்மாவின் தோளில் இரண்டு மடங்கு ஏறியதால்தான். எங்கள் வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு அப்படி நடக்கக்கூடாது.

காதுத்தோட்டை அடகு வைத்த அந்த அம்மாவின் மகளுக்கு இன்னும் சில மாதங்களில் நியமனம் கிடைக்க வேண்டும். முதல் சம்பளத்தில் என்ன செய்வாய் என்று கேட்டோம். தோட்டை மீட்பேன் என்பாள் என்று நினைத்தோம். "அம்மா வேணாங்கிறாங்க. தம்பி உயர்தரத்துக்குக் கணிதம் எடுத்திருக்கான், அவன் கிளாஸுக்குக் கட்டச் சொல்றாங்க" என்றாள்.

தலைவர்மாரே, அந்தத் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த நான்கு விடயங்களையும் எடுத்துப் பேசுங்கள். கூப்பிட்டால் நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
தோட்டங்களிலிருந்து சென்ற ஆசிரியப் பயிலுனர்கள்